மூணாவது காப்பி

பெங்களூரில் மழைக்குப் பயப்படாத ஒரே ஆள் எங்கள் மூணு காப்பி அக்காதான். யாராவது பயப்பட வேண்டுமென்றால் மழைதான் அவரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

பிள்ளைகளா, உங்கள் அப்பா எட்டாவது வரை படித்தவன். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். இவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறானே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அக்காவைப் பார்த்தும்தான் ஊரே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். அதனால் முதலில் எழுத வேண்டியவனும் நான்தான்.

ஒக்கலிபுரத்தில் நாம் குடியிருந்த காம்பவுண்டில் ஆறு வீடு. முதல் வீடு நம்முடையது, கடைசி வீடு அக்காவுடையது. அக்காவின் நிஜப் பெயர் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் மூணு காப்பி. அந்தப் பெயர் அவர் குடி வந்த முதல் நாளே ஒட்டிக்கொண்டது.

சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. ஓனர் கவுடா வந்து, பெரிய இரும்புப் பெட்டி மாதிரி இருந்த ஒன்றைக் காட்டி, "ஏனம்மா இது?" என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார்.

"சர்வர் சார்."

"சர்வரா? எத்தனை பேரு?"

"ஒண்ணுதான் சார். மூணு காப்பிக்கு ஒண்ணு போதும்."

கவுடா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு காப்பியும் வரவில்லை. எழுந்தார், கோபத்தோடு. "நோடம்மா, வீடு குடும்பத்துக்குத்தான் குடுத்தது. ஓட்டல் நடத்தறதுன்னா இப்பவே காலி பண்ணு!"

அக்கா அசரவில்லை. அவரை மறுபடி உட்கார வைத்து, சர்வர் என்றால் பரிமாறுகிறவர் இல்லை, எந்நேரமும் தூங்காமல் விழித்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் என்று விளக்கினார். வீட்டிலுள்ள போட்டோ, சர்டிபிகேட், வீடியோ எல்லாம் அதற்குள் இருக்கும், யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும், காப்பி என்றால் குடிக்கிறது இல்லை, நகல் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கவுடா, "சரிம்மா, குடிக்கிற காப்பி இல்லவே இல்லியா?" என்றார். அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போனார்.

அக்காவுக்கு பிரேசர் டவுனில் ஒரு அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் அங்கே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பல வருஷத்து வேலை அதோடு போனது. ஒரே ஒரு காப்பிதான் இருந்ததாம். "முதலாளி திட்டியிருந்தா மறந்திருப்பேன் தம்பி. மனுஷன் உக்காந்து அழுதுட்டாரு" என்பார் அக்கா. அந்த வாரமே, பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போய், ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட பெட்டியை வாங்கி வந்து, தானே திறந்து, தானே துடைத்து, தானே மாட்டி உட்கார வைத்ததுதான் அந்த சர்வர்.

அதற்குள் இரண்டு டிஸ்க். இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். இரண்டையும் வேறு வேறு கடையில்தான் வாங்கினார். "ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கினா, ஒரே நாள்ல கை கோத்துக்கிட்டுப் போயிடும்." சரி, இரண்டு ஆயிற்றே, அசல் ஒன்று, மொத்தம் மூன்றுதானே என்று நான் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ரெண்டும் ஒரே பெட்டியில இருக்குல்ல? பெட்டிக்கு ஒண்ணு ஆனா ரெண்டும் போச்சு. அதனால அது ஒரே காப்பிதான். அசல் உங்க கையில, ரெண்டாவது என் சர்வர்ல, மூணாவது வேற ஊர்ல. அதுதான் கணக்கு."

வேறு ஊர் என்றால் அத்திபெலே. அங்கே அக்காவின் தங்கை வீடு. மாதம் ஒரு முறை அக்கா ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றி, அதைக் கவருக்குள் போட்டு, ஈரம் இழுக்கிற சின்ன பாக்கெட் ஒன்றும் போட்டு, எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து மூடி, பஸ் ஏறி அத்திபெலே போய், பழைய டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வருவார். காம்பவுண்டே சிரிக்கும். "என்னக்கா, மூணாவது காப்பி சூடா போகுதா?" என்று நான்தான் கத்துவேன். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவருடைய தம்பி ஐடி கம்பெனியில் வேலை செய்கிறவன். வரும்போதெல்லாம் சண்டை.

"எதுக்குக்கா இந்தக் கூத்து? எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுட்டு நிம்மதியா இரு."

"கிளவுட்னா என்னடா?"

"வேற எடத்துல இருக்கற கம்ப்யூட்டர்."

"யாரோட கம்ப்யூட்டர்?"

"கம்பெனியோடது."

"அப்ப அடுத்தவன் கம்ப்யூட்டர்னு சொல்லு. மேகம் மேகம்னு ஏன் பூ சுத்தற? போட்டுக்கோ, வேணாங்கல. அது நாலாவதா இருந்துட்டுப் போகட்டும். என் மூணுல சேராது."

மாதத்தின் முதல் ஞாயிறு 'எடுத்துப் பாக்கற நாள்'. அக்கா எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிடுவார். நம் கண் முன்னால் சர்வரிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப கேளுங்க, யாருக்கு என்ன வேணும்?" என்பார். "வெச்சது பெருசில்ல. எடுக்க வருதான்னு பாக்காத காப்பி காப்பியே இல்ல." ஒரு தடவை, உங்கள் இருவரில் மணி வேண்டுமென்றே, கவி ஒன்றாம் வகுப்பில் காலிஃபிளவர் வேஷம் போட்ட போட்டோவைக் கேட்டான். ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. கவி ஓவென்று அழுதாள். "அதை அழிச்சிடுங்க அத்தை!" என்று கெஞ்சினாள். "அழிக்கறதுக்கு இங்க ஆளில்லடி" என்றார் அக்கா.

சர்டிபிகேட் ஸ்கேன் பண்ணவும் அவரே வீடு வீடாக வருவார், ஸ்கேனரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு. நம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அம்மாவின் நர்சிங் சர்டிபிகேட் எல்லாம் அதில்தான்.

"இரும்புப் பெட்டிக்கா. எங்க போயிடப் போகுது?" என்றேன்.

"தண்ணிக்குள்ள" என்றார்.

முன்பக்கம் எடுத்து முடித்து ஒவ்வொன்றையும் திருப்பினார். எனக்கு வேலைக்கு நேரமாயிற்று. "பின்னாடி ஒண்ணுமில்லக்கா, விடுங்க."

"ஒண்ணுமில்லங்கறதுக்கும் ஒரு காப்பி இருக்கட்டும்" என்று பின்பக்கத்தையும் எடுத்தார்.

ஒரு மாதம் அக்காவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அதே சமயம் எனக்கு அத்திபெலேயில் ஒரு பேக்கரியின் ஃப்ரிட்ஜ் வேலை. டப்பாவை என்னிடம் கொடுத்தார். நம் சர்டிபிகேட் எல்லாம் முதல் தடவையாக ஏறிய டிஸ்க் அது. "தங்கச்சி கையில குடு. வெயில்ல வைக்காத, சூடாகக் கூடாது." நான் போனபோது தங்கை வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார், திரும்பி வர ஒரு மாதம் ஆகுமாம். அவருடைய மாமியார்தான் கதவைத் திறந்தார்.

"பெங்களூர்ல அக்கா குடுத்து விட்டாங்க பெரியம்மா. மூணாவது காப்பி. சூடு மட்டும் படக் கூடாதாம்."

பெரியம்மா டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ்ளோ தூரத்துல இருந்தா? சரி, குடுப்பா" என்று வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷி, ஒரு கேள்வி கேட்கவில்லையே என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவுக்கு வேலை கிடைத்தது. உங்கள் இரண்டு பேரையும் வளர்க்க ஒன்பது வருஷம் வீட்டில் இருந்தவள். ஒரு நர்சிங் ஹோமில் இன்டர்வியூவில் எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு சர்டிபிகேட்டோடு வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்தவருக்கு என்றார்கள். சனிக்கிழமை மத்தியானம் நாம் நால்வரும் அவளுக்கு வெள்ளை ஷூ வாங்கப் போனோம். கடையில் இருந்தபோதே மழை பிடித்தது.

திரும்பி வந்தால் காம்பவுண்டு குளமாகியிருந்தது. அம்மா ஷூ டப்பாவைத் தலைமேல் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள். வீட்டுக்குள் கட்டிலே மிதக்கப் பார்த்தது. பெட்டியைத் திறந்தேன். சர்டிபிகேட் எல்லாம் ஊறின அப்பளமாகக் கிடந்தது. தொட்ட இடம் கையோடு வந்தது. போனில் படம் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்திருந்தேன். அந்த போன் போன வருஷமே தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

அம்மா அழவில்லை. பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்தாள். "சரி விடுங்க. ஒன்பது வருஷம் இல்லாமதான இருந்தோம்" என்றாள். அவள் அழுதிருந்தால் தேவலை. அக்காவின் அச்சக முதலாளி கதை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைசி வீட்டுக்கு ஓடினேன். அக்கா வீட்டுக்குள்ளேயே குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"கீழேர்ந்து வர்ற தண்ணிக்குன்னு நாலடி ஒசரத்துல வெச்சேன் தம்பி. இது மேலேர்ந்து வந்திருச்சு."

மொட்டை மாடியில் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டு, கூரை ஒழுகி, நேராக சர்வர் தலையில் கொட்டியிருந்தது. பெட்டியைச் சாய்த்தார். அரை வாளி தண்ணீர் ஊற்றியது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

"எந்திரி. எதுக்கு உக்கார்ற? இதுக்குத்தான மூணு?" என்று அக்கா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். "பெரியம்மா, ரெண்டு வாரம் முன்னாடி தம்பி ஒரு டப்பா குடுத்துச்சே, எங்க இருக்கு?"

"ஃப்ரிட்ஜுலதாம்மா இருக்கு. சூடாகக் கூடாதுன்னாரே. நான் தொறக்கவே இல்ல, யார் வூட்டுக் காப்பியோன்னு. ஆனா இவ்ளோ நாளாச்சே, கெட்டுப் போயிருக்கும். ஊத்திரட்டுமா?"

அக்கா போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஊத்தாதீங்க பெரியம்மா!" என்று நான் அலறினேன். "தொடாதீங்க! அப்படியே இருக்கட்டும்!"

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அத்திபெலே. அம்மா, நான், அக்கா, லேப்டாப்போடு அவருடைய தம்பி. பெரியம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தார். இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவே டப்பா ஜில்லென்று இருந்தது. வெளியே எடுத்து மேஜைமேல் வைத்ததும் டப்பா முழுக்க முத்து முத்தாக நீர் பூத்தது.

"குடுங்கண்ணா, உடனே சொருகிப் பாத்துடலாம்" என்று தம்பி கையை நீட்டினான்.

"தொடாத" என்றேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. "டப்பாவுக்கு வேர்க்குது பாரு. இப்ப தொறந்தா உள்ள இருக்கற டிஸ்க்குக்கும் வேர்க்கும். கரெண்டு குடுத்தா அதோட கதை முடிஞ்சுது. குளிர் முழுக்க விடற வரைக்கும் மூடியே இருக்கட்டும்."

"நெட்ல ஒரு மணி நேரம் போதும்னு போட்டிருக்குண்ணா."

"நெட்டு இதுவரைக்கும் எத்தனை கம்ப்ரஸர் மாத்தியிருக்கு?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா என்னைக் காட்டி, "ஃப்ரிட்ஜுன்னா இவர் சொல்றதுதான்" என்றார். பிள்ளைகளா, உங்கள் அப்பாவை அந்த அக்கா 'இவர்' என்றது அன்றைக்குத்தான்.

மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணி நேரம். பெரியம்மா மணிக்கு ஒரு தடவை நிஜக் காப்பி போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும், "எனக்கு எப்டிப்பா தெரியும், நீ காப்பின்னுதான சொன்ன" என்றார். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டப்பாவைத் துடைத்தேன். திறந்தோம். கவர் காய்ந்திருந்தது. கேபிளை அக்காவே சொருகினார். டிஸ்க் உள்ளே மெல்லச் சுழல ஆரம்பித்தது, நல்ல கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகிற சத்தம் மாதிரி. திரையில் 'முதல் வீடு' என்று வந்தது. அதற்குள் 'செல்வி'. அம்மா தன் பெயரை விரலால் தொட்டாள். அக்கா திறந்தார். எல்லாம் இருந்தது, ஒரு எழுத்து குறையாமல்.

திங்கட்கிழமை நர்சிங் ஹோம் ஆபீசில் பிரிண்டைப் புரட்டிப் பார்த்த அம்மணி கேட்ட முதல் கேள்வி, "பின்பக்கம்?" பதிவு நம்பரும் முத்திரையும் ஒரு சர்டிபிகேட்டின் பின்பக்கத்தில் இருந்தன. நான் ஒன்றுமில்லை என்று சொன்ன அதே பின்பக்கம். அம்மா எடுத்து நீட்டினாள். ஒரிஜினல் நனைந்த கதையைக் கேட்டுக்கொண்டு, டூப்ளிகேட் வாங்கிப் பிறகு கொடுங்கள் என்று அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளை ஷூ முதல் நாள் காலைக் கடித்தது. அதைப் பற்றி அம்மா இன்றுவரை குறை சொன்னதில்லை.

அந்தக் காம்பவுண்டு இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். அக்கா பிரேசர் டவுனில் புதுசாக ஒரு சர்வர் கட்டியிருக்கிறார். அதன் தலைக்கு மேல் நிரந்தரமாக ஒரு குடை விரிந்திருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். குடையை மட்டும் மடக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

நாம் அத்திபெலேக்கு வந்துவிட்டோம். அக்காவின் தங்கை வீடு மாற்றிப் போனதால் மூணாவது காப்பி இப்போது நம் பீரோவில் இருக்கிறது. டப்பா மேல் அக்கா கையெழுத்தில் ஒட்டியிருக்கிறதே, நீங்கள்தான் படித்துப் படித்துச் சிரிக்கிறீர்களே: 'குடிக்கிற காப்பி அல்ல. ஃப்ரிட்ஜில் வைக்காதே, தம்பி.'

மாதத்தின் முதல் ஞாயிறு அவர் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று, "காப்பி ரெடியா?" என்று கேட்பார்.

எந்தக் காப்பி என்று நாங்கள் கேட்பதில்லை. இரண்டையும் ரெடியாக வைத்திருப்போம்.