செவலை மாடும் சாயங்காலக் காபியும்

ரேடியோவா, காபியா? இந்த வீட்டில் இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். தை மாதத்தில் ஒரு சாயங்காலம், காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் எடுத்த சபதம் இது.

நான் நாகேஸ்வரன். பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவன். என் மனைவி ஜகதாம்பாள், எங்கள் பூதலூர்ப் பக்கத்துச் சின்ன ரேடியோ ஒன்றில் தினமும் சாயங்காலம் அறிவிப்பு வாசிக்கிறாள். ஒரு அறை, ஒரு மைக், மாடியில் ஒரு கம்பம், அவ்வளவுதான் நிலையம். சுற்றுப்பட்ட ஊர்களைத் தாண்டினால் கேட்காது. அது பேசும் நேரத்தில் என் காபி டம்ளர் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும்.

"இதையெல்லாம் யாரு கேக்கறா ஜகதா?"

"எல்லாரும் கேக்கறாங்க. கதிர் அறுக்கற மெஷின் எந்த ஊர்ல நிக்குதுன்னு உங்க சென்னை ரேடியோ சொல்லுமா?"

"அதுல பாட்டாவது நல்லா இருக்கும்."

"பாட்டைக் கேட்டா கதிர் அறுந்துடுமா?"

"ஒரே ஒரு ஆள், உன் அறிவிப்பைக் கேட்டுட்டு எழுந்து நடந்தான்னு காட்டு. அன்னிலேர்ந்து என் காபியை நானே போட்டுக்கறேன். இல்லாட்டி நீ ரேடியோவை விட்டுடணும்."

அவள் முகம் வாடிப்போனது. அந்த மைக் அவளுக்கு உயிர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "சரிங்க" என்றாள். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. காபி ஞாபகம் வந்ததும் சரியாகிவிட்டது.

மறுநாள் காலை, அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நிலையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது மலர்க்கொடி, நிலையத்தை நடத்துகிற பெண்.

"அமிர்தலிங்கம் பேசறேன். என் மாடு காணோம்."

"அடடா! அடையாளம் சொல்லுங்க ஐயா."

"செவலை. ஒரு கொம்பு வானத்தைப் பாக்கும், ஒரு கொம்பு பூமியைப் பாக்கும். வால் பாதிதான் இருக்கும். கிடைச்சா ரயில்வே கேட் பக்கம் நாகேஸ்வரன் சார் வீட்டுல கட்டச் சொல்லுங்க."

"எழுதிக்கிட்டேன் ஐயா" என்ற குரல் ஒரு மாதிரி நடுங்கியது. மாட்டுக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு மாட்டைப் பிரம்மா இன்னும் படைக்கவில்லை. ஊரே கேட்டாலும் ஒருவராலும் கொண்டு வர முடியாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

யாருமே கேட்பதில்லை என்று நிரூபிக்க, அன்று சாயங்காலம் நான் ஒருவன் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. ஜகதாவின் குரல் கணீரென்று வந்தது.

"அறுவடை முடிஞ்ச வயல்ல மேயப் போன செவலை மாடு ஒண்ணைக் காணோம். கேட்பாரில்லாம எந்தச் செவலை மாடு நின்னாலும் ரயில்வே கேட் பக்கம் நாகேஸ்வரன் சார் வீட்டுக்கு ஓட்டிட்டு வாங்க. மாட்டைத் தொலைச்சவங்களும் வந்து பாருங்க. வர்ற எல்லாருக்கும் சார் தன் கையாலயே காபி போட்டுக் கொடுப்பார்."

கொம்பு எங்கே? பாதி வால் எங்கே? ரேடியோவைப் பார்த்துக் கத்தினேன். அது என்னைச் சட்டை செய்யாமல், நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வந்துவிட்டது என்றது.

முதலில் வந்தவர் சலாஹுதீன் பாய். எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கையில் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு செவலை.

"இதுவா பாருங்க சார். வாய்க்கால் கரையில நின்னுச்சு."

"பாய், நீங்களுமா இந்த ரேடியோ கேக்கறீங்க?"

"கடையில வேற என்ன ஓடுது? காபில சர்க்கரை மட்டும் கம்மியா போடுங்க."

அப்புறம் வாசல் மாட்டுச் சந்தையாகிவிட்டது. செவலை, அரைச் செவலை, வெயிலில் பார்த்தால் செவலை. ஒரு ஆள் கறுப்பு எருமையையே ஓட்டி வந்துவிட்டார். கேட்டால், காபி என்று சொன்னார்களே என்கிறார். நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடினேன். பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரசியா பேகம் வந்தார். பின்தெருவில் பால் விற்றுப் பிழைக்கிறவர். சலாஹுதீன் பாய் கொண்டு வந்த மாட்டைப் பார்த்தவர் "ராணி!" என்று கூவி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்.

"பொங்கல்லேர்ந்து தேடறேன் சார். இதை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

எனக்கும் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அந்த ரேடியோமேல் மரியாதையே வந்துவிட்டது. ராணியைக் காணோம் என்று எந்தப் பெரிய ரேடியோ வாசிக்கும்?

எல்லோரும் போனபின் ஜகதா வந்தாள். களைத்துப்போய்க் கேட்டேன்.

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"நிலையத்துப் போன்ல உங்க நம்பரு 'ஜகதா அக்கா வீட்டுக்காரர்'னு பதிஞ்சிருக்குங்க."

"பொய்னு தெரிஞ்சும் வாசிக்கலாமா?"

"பொய்யை வெட்டிட்டுத்தானே வாசிச்சேன்? காலைல ரெண்டு மாடு அறிவிப்பு வந்துச்சு. ரசியா பேகம் சொன்னதுல மாடு நிஜம். நீங்க சொன்னதுல விலாசம் நிஜம். ரெண்டையும் சேர்த்துட்டேன்."

மிச்சமிருந்த காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி ரசித்தாள்.

"நல்லாவே போடறீங்க. மலர்க்கொடி ரொம்ப நாளா காலை நிகழ்ச்சியும் பண்ணுங்கன்னு கேட்டுட்டே இருக்கா. உங்க காபிக்கு என்ன பண்றதுன்னுதான் யோசிச்சேன்."

இப்போது நான் விடியற்காலையிலும் ரேடியோ கேட்கிறேன், பால் பொங்காமல் பார்த்துக்கொண்டே.