ஸ்கேனுக்கு ஒரு சாவு

"மாசக் கடைசியில செத்தாலும் லீவு கிடையாதும்மா!" என்று மேனேஜர் கத்தியதும், கணக்குப் பிரிவுக்காரிக்கு வாய் தன்னால் திறந்துகொண்டது.

"செத்துட்டார் சார். என் மாமனார்."

"ஐயையோ! எப்ப எடுக்கிறீங்க?"

"நாளைக்குக் காலையில சார்."

சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. பாவம், வேறு என்னதான் செய்வாள்? கல்யாணமாகி எட்டு வருஷம். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் மேற்கொண்டு வைத்தியமே கிடையாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். கர்ப்பப்பைக்குள் மருந்துத் தண்ணீரை விட்டு, அது குழாய் வழியாக ஓடுகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்களாம். அதையும் மாதவிலக்கு முடிந்த கையோடு பார்த்தாக வேண்டும். முதல் தடவை கால் சுளுக்கு என்று லீவு போட்டாள். காய்ச்சல் அடிக்கிறது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் பல்வலி என்றாள், மெஷின் ரிப்பேர். வீட்டுப் பெரியவர்களிடம் மூச்சு விடவில்லை. பேரப்பிள்ளைக்கு ஏங்குகிற மனுஷரிடம் அடைப்பு கிடைப்பு என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி.

"அழாதடி. நாங்க எல்லாரும் வேன்ல உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்கோம்."

வீட்டுக்குப் போன் போட்டாள். செத்தவரே எடுத்தார்.

"மாமா, யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க!"

"இரும்மா, யாரோ பெல் அடிக்கிறாங்க. திறந்துட்டு வந்துடறேன்."

அந்த நேரம் பார்த்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அடுத்தது நீங்கதான், வாங்க."

"வீட்டுக்குப் போயிட்டு இதோ வந்துடறேன் சிஸ்டர்."

"விளையாடுறீங்களா? இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான்!"

வேலை போய்விட்டால் அடுத்த மாதம் எதை வைத்து வைத்தியம் பார்ப்பது? ஓடினாள். பஸ்ஸில் நின்றபடி அழுதாள். இந்த ஜென்மத்தில் தனக்கொரு பிள்ளை கிடையாது என்று அப்போதே தீர்மானமாகிவிட்டது.

வீட்டு வாசலில் ஆளுயர மலர்வளையம், மாமனார் பேரோடு. உள்ளே மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சாட்சாத் மாமனார்.

அவளைப் பார்த்ததும் மேனேஜர் எழுந்து வந்தார்.

"மனசைத் தேத்திக்கம்மா. நாங்க வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்களாமே. அண்ணன் போன துக்கத்துலயும் உங்க சின்ன மாமனார் எங்களை எப்படிக் கவனிச்சுக்கிறார் பாரு. ரெட்டைப் பிள்ளைங்களாமே! உங்க கல்யாணப் படத்துல இருக்கிறவரை அப்படியே உரிச்சு வெச்சிருக்கார்."

வேன் கிளம்பியதும் மாமனார் காலடியில் சரிந்தாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. உங்களையே சாகடிச்சும் ஒண்ணும் நடக்கல. இந்த மாசமும் போச்சு. இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு லீவு கேப்பேன்?"

அவர் டீ டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தார்.

"நீ பாதியில ஓடிட்டேன்னு ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. அடுத்த மாச ஸ்கேனுக்கு உங்க அத்தை சாகட்டும்மா. இப்பத்தான் கேட்டேன், அவ சரின்னுட்டா."