மருமகன்ட காலைப் புடிச்ச கதை

எங்கட ஊருல பொம்புளப் புள்ளயப் பெத்தவன் வீட்டைக் குடுப்பான், வளவைக் குடுப்பான், மாப்பிள்ளைக்கு முன்னால கொஞ்சம் குனிஞ்சும் நிப்பான். ஆனா சம்மந்தி வீட்டார் பாத்துக்கொண்டு நிக்க, கடற்கரையில குப்புறக் கிடந்து மாப்பிள்ளைட காலைக் கட்டிப் புடிச்சவன் கல்முனையில நான் ஒருத்தன்தான். (போட்டோ இரிக்கி.)

மருமகன் அஸ்லம் கண்டிக்காரர். மலை ஏறுற ஆள். கலியாணம் முடிஞ்ச முதல் மாரியில, "மாமா, கடற்கரையால நடந்து போவமா?" எண்டு கேட்டார். என்ட மனிசி, மகள், சம்மந்தி வீட்டார் எல்லாம் சாப்பாட்டோட வேன்ல ரோட்டால போய், களப்புத் தண்ணி கடலுக்குப் போற முகத்துவாரத்துக்கு அங்கால நிக்கிறதா ஏற்பாடு.

"வெள்ளக் காலம். யோசிச்சுப் போங்க" எண்டா என்ட மனிசி.

"வானத்தப் பாரு புள்ள, ஒரு பொட்டு முகில் இல்ல. இந்தக் கரையில எனக்குத் தெரியாத மணலா?"

நடந்தம். அவருக்கு மலையேறுற சப்பாத்து, முதுகுப் பை, விசில். எனக்குச் சாரன், ரப்பர் செருப்பு, ஓயாத வாய்.

முகத்துவாரத்தில, களப்பையும் கடலையும் பிரிக்கிற மணல் மேட்டுக்கு நடுவால ஒரு சின்ன வாய்க்கால் ஓடுது. கணுக்கால் அளவு தண்ணி. அங்கால மம்பட்டியோட நாலஞ்சு வயல்காரர் கையை ஆட்டிக் கத்துறாங்க. கடல் இரைச்சல்ல ஒண்டும் கேக்கல்ல.

"ஆர் மாமா அவங்க?"

"நம்மட ஆக்கள்தான். புது மாப்பிள்ளைக்கு மரியாதை!" நானும் ரெண்டு கையையும் ஆட்டினன்.

மறுகாதான் தண்ணியப் பாத்தன். செம்மண் நிறம். வைக்கோல் மிதந்து வருது. மழை இஞ்ச இல்ல, மேற்கால அம்பாறைப் பக்கம் பெஞ்சிரிக்கி. வயல் முங்கினா இந்த மேட்ட வெட்டித்தான் வெள்ளத்தக் கடலுக்கு விடுறது. முந்தின நாள் வயல் கூட்டத்துல மேசையில அடிச்சு, "என்ட வேளாண்மை அழுகுது, நாளைக்கே வெட்டுங்க!" எண்டு கத்தினவன் ஆர்? (வேற ஆர், நான்தான்.)

வெட்டின வாய் கொஞ்ச நேரம்தான் வாய்க்கால். பொறகு ஆறு.

"மருமகன், நில்லுங்க!"

"சின்னத் தண்ணிதானே மாமா" எண்டு ஒரு காலைத் தண்ணியில வெச்சிட்டார்.

ஓடினன். சாரன் தடுக்கிச்சு. விழுந்த இடத்துல கைக்கு வந்ததக் கட்டிப் புடிச்சன். அவர்ர மத்தக் கால்.

"மாமா, விடுங்க! உம்மா வாப்பா பாக்கிறாங்க!"

"பாக்கட்டும்! என்ட மகளும் அங்காலதான் நிக்கிறா. விடமாட்டன்!"

அவர் இழுக்க, நான் இறுக்க, அவரும் எனக்கு மேல விழுந்தார். ரெண்டு பேரும் தவண்டு பின்னால வர, அவர் நிண்ட மணல் பொத்தெண்டு இடிஞ்சு போச்சு. பாத்துக்கொண்டிருக்க வாய்க்கால் ஆறாகி, என்ட செருப்பு ரெண்டையும் கடலுக்குக் கொண்டு போகுது. அஸ்லம் வெளிறிப்போய் என்ட கையைப் புடிச்சவர், விடவே இல்ல.

அங்கால நிண்டு படம் புடிச்ச சம்மந்திக்கு விளங்கினது வேற. உடன மகனுக்குப் போன்ல கோல்.

"டேய், மாமனார்ட்ட என்னடா கேட்டாய்? பெரிய மனுசன எழுப்புடா!"

வந்த வழியே கிறுகி, ரோட்டால வெறுங்காலோட போய்ச் சேர, பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லுது. சோறு ஆறிப்போச்சு. மனிசி வானத்த ஒருக்காப் பாத்தா.

இப்ப எங்கட குடும்பத்துல எந்தக் கலியாணத்திலயும் அந்தப் போட்டோ வெளிய வரும். புது மாப்பிள்ளைமார் என்னைக் கண்டா காலை மடக்கிக்கொண்டு இருப்பாங்க. சிரிக்கட்டும். இன்னொருக்கா எண்டாலும் புடிப்பன். நான் விடாத அந்தக் கால்தான் இப்ப வீட்டு முத்தத்தில என்ட பேரனுக்குப் பின்னால ஓடித் திரியிது.