நான் கமெண்ட்டுகளைத் தூக்கி எறியாத கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மெல்லிய புத்தகத்தை என்னால் மதிக்க முடியாது. பள்ளியில் படிக்கும்போதே விடை தெரிகிறதோ இல்லையோ, கூடுதல் தாள் வாங்கி எழுதி, நூல் போட்டுக் கட்டிக் கொடுப்பேன். எடை பார்த்து மார்க் போடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. (சில வாத்தியார்கள் போடவும் செய்தார்கள். என்னைக் கெடுத்ததே அவர்கள்தான்.) இந்தக் கிறுக்குத்தனம் எண்பதுகளின் நடுவில், ஈப்போவில், என் உத்தியோகத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ரப்பர், செம்பனைத் தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆறு மாதச் சோதனைக் காலத்தில் ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த என் அப்பாவோ, "எம்மவ கம்ப்யூட்டருக்கே மண்டோரு" என்று தொழிலாளர் லயம் லயமாகச் சொல்லி முடித்துவிட்டார். கோயில் திருவிழாவில் மைக் பிடித்தும் சொன்னார். வேலை போய்விட்டால் அந்தச் சனங்களின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அந்தப் பயம் எனக்குச் சோற்றோடு சோறாக இறங்கிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஒரு கண்ணாடி அறை. உள்ளே பனி கொட்டாத குறைதான். ஈப்போ வெயிலில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறிய ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். புரோகிராமர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருவன் சிலிம் ரிவர் பையன் பாலன், எனக்கு இரண்டு வருடம் சீனியர், நிரந்தர ஊழியன்.

எங்கள் மேலதிகாரி திரு. சிவபாதம். பூர்வீகம் யாழ்ப்பாணம். நெட்டையான ஒல்லி உடம்பு. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. சத்தமில்லாமல் வந்து பின்னால் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்று பார்ப்பார். நாங்கள் அவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தோம். அவர் வாயிலிருந்து இங்கிலீஷைத் தவிர ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. மத்தியானம் சாண்ட்விச்சைக் கத்தியால் வெட்டிச் சாப்பிடுவார். ஆகவே மனிதருக்குத் தமிழ் தெரியாது என்று நாங்கள் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

கண்ணாடி அறைக்குள் பேசக் கூடாது என்பது கொக்கின் சட்டம். வாய் இருக்கும் இரண்டு பேர் எட்டு மணி நேரம் பேசாமல் இருக்க முடியுமா? ஒரு வழி கண்டுபிடித்தோம். கோபோல் மொழியில் ஒரு வரியின் ஏழாவது கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டால், அந்த வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. அது கமெண்ட், மனிதர்கள் படிக்க எழுதும் குறிப்பு. நாங்கள் இருவரும் ஒரே புரோகிராம்களைத்தான் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருந்தோம். அதனால் இங்கிலீஷ் எழுத்தில், தமிழில், நட்சத்திரத்துக்குப் பின்னால் ஊர்க்கதை எல்லாம் பேசினோம். "பாலா, இந்த வரிய தொடாத. தொட்டா மெஷினும் அழும், நானும் அழுவேன்" என்று நான் எழுதுவேன். மறுநாள் அதற்கடியில் "தொட்டுட்டேன். ரெண்டு பேரும் அழுவுங்க" என்று இருக்கும்.

இப்படி இருக்கையில் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புவான் (மலாயில் 'திருமதி') ரொஹானி என்ற அதிகாரி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறார். எல்லாப் புரோகிராம்களுக்கும் ஒழுங்கான ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்பார். எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைப் படிக்கிறது, எது எதை அழைக்கிறது என்ற விவரமெல்லாம் வேண்டும். இல்லையென்றால் இந்தப் பிரிவை மூடிக் கோலாலம்பூருக்கே கொண்டு போய்விடுவார்கள். பாலனுக்கு மாற்றல் கிடைக்கும். எனக்குச் சுங்காய் பஸ்தான்.

எங்களிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. சிவபாதம் எங்களைப் பார்த்து, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

"மூன்று மாதம்" என்றான் பாலன்.

"மூன்று நாள்" என்றேன் நான்.

திமிர்தான். ஆனால் அந்தத் திமிருக்கு ஒரு காரணம் இருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் பார்த்துத் தபாலில் வரவழைத்த ஒரு பார்சர் லைப்ரரி என் மேசையில் கிடந்தது. மூன்று பிளாப்பி டிஸ்க், ஒரு ஜெராக்ஸ் கையேடு. நாம் எழுதிய புரோகிராமையே தீனியாகப் போட்டால், அதை வரி வரியாகப் படித்து, இது கட்டளை, இது கோப்பின் பெயர், இது கமெண்ட் என்று பிரித்துக் கையில் தரும் ஆயத்த ரூட்டீன்கள். மசாலா அரைக்க நேரமில்லாதவளுக்குக் கடையில் விற்கும் தூள் மாதிரி. அதை அழைக்கும் ஒரு சின்னப் புரோகிராமை மட்டும் நான் எழுதினால் போதும்.

முதல் நாள் அந்தப் பார்சர் எங்கள் புரோகிராம்களைப் பார்த்து மிரண்டது. பத்தாவது வரியில் நிற்கும், பிழை என்று கத்தும், செத்துப்போகும். நான் கையேட்டைப் புரட்டி, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சமாதானம் எழுதி, கெஞ்சி, திட்டி, புதன்கிழமை சாயங்காலம் எல்லாப் புரோகிராமையும் முழுசாக விழுங்க வைத்துவிட்டேன். கண்ணாடி அறை என்றும் பாராமல் நான் ஒரு குதி குதித்தேன். அய்யோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! நான் எழுதிய புரோகிராம் இன்னொரு புரோகிராமைப் படிக்கிறது, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்கிறது. அப்பா சொன்னது நிஜம், நான் கம்ப்யூட்டருக்கே மண்டோர்தான் என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலை பாலன் சிலிம் ரிவர் தோட்ட ஆபீசில் கெட்டுப்போன பிரிண்டரைப் பார்க்கக் கிளம்பினான்.

"நாளைக்கு மத்தியானம்தான் வாரேன். வசந்தா, பிரிண்ட் எடுத்ததும் ஒரு தடவ படிச்சுப் பாத்துரு லா."

"சும்மா போ லா. மெஷின் படிச்சத நான் வேற படிக்கணுமா?"

அன்றைக்கு ஆவணம் தயார். கோப்புகளின் பட்டியல், யார் யாரை அழைக்கிறார் என்ற வரைபடம், எல்லாம் சுத்தமாக, சரியாக இருந்தது. ஒரே ஒரு குறை. மொத்தமே இருபத்திரண்டு பக்கம்.

இருபத்திரண்டு பக்கத்தைக் கொண்டு போய் ஒரு புவான் முன்னால் வைப்பதா? கல்யாணப் பத்திரிகை கூட அதைவிடக் கனமாக இருக்குமே! கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை தேடினேன். அங்கே ஒரு சுவிட்ச் இருந்தது. சாதாரணமாகப் பார்சர் கமெண்ட்டுகளைத் தூக்கி எறிந்துவிடும். இந்தச் சுவிட்சைப் போட்டால் அவற்றையும் சேர்த்துத் தரும். விளக்கக் குறிப்புகளும் சேர்ந்தால் ஆவணம் எவ்வளவு செழிப்பாக இருக்கும்! போட்டேன்.

நீ எழுதியது உனக்கே மறந்துவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. கமெண்ட் என்றால் கையேட்டில் அச்சடித்திருந்ததே, 'இந்தப் பகுதி கோப்பைத் திறக்கிறது' என்று மரியாதையாக, அதுதான் என் புத்தியில் இருந்தது. நானும் பாலனும் எழுதியது கமெண்ட் இல்லை, அது பேச்சு. பேச்சை யாராவது அச்சடிப்பார்களா?

வெள்ளிக்கிழமை காலை பிரிண்டர் மூன்று மணி நேரம் தடதடத்தது. முந்நூற்று நாற்பது பக்கம்! வாரி அணைத்துக்கொண்டு ஒரு சீனர் கடைக்கு ஓடி, கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்தில் தலைப்பும் பொறித்து, மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூட்ட அறை மேசையில் தொம்மென்று வைத்தேன். மேசை அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புவான் ரொஹானி வந்தார். சிரித்த முகம், கூர்மையான கண். புத்தகத்தைத் தூக்கிப் பார்த்து, "வாவ், மூன்று நாளிலா?" என்றார். சிவபாதம் கழுத்தை நீட்டிப் பெருமையாக நின்றார். பாலன் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து கதவோரம் நின்றான். புத்தகத்தின் பருமனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியது.

"அலமாக்" என்று மலாய் 'அய்யய்யோ' ஒன்றை முணுமுணுத்தான்.

எனக்கும் அந்த நொடியில்தான் விளங்கியது. எங்கள் பேச்சு முழுவதும் அச்சாகி அந்தக் கெட்டி அட்டைக்குள் கிடந்தது.

புவான் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒரு வரியில் விரல் வைத்தார். "இது என்ன மொழி? மலாய் இல்லை, இங்கிலீஷும் இல்லையே?"

சிவபாதம் கண்ணாடியை மாட்டினார். அவருக்குத்தான் தமிழ் தெரியாதே, ஏதோ சங்கேதம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவர் வாசித்தார். தமிழில். அட்சர சுத்தமாக.

"கொக்கு வருது. வேலை செய்யிற மாதிரி நடி."

புவான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"இது தமிழ், புவான்" என்றார் சிவபாதம், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "மேற்பார்வையாளர் சோதிக்க வரும்போது புரோகிராம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்கிறது."

"நல்ல விதி" என்றார் புவான். "இது?"

"கொக்கு இன்னிக்கு மூணு தடவ வந்துருச்சு. மீன் கெடைக்கல போல." அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு நாளைக்கு மூன்று முறை சரிபார்க்கப்பட்டது. பிழை எதுவும் அகப்படவில்லை."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பாலன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. புவானுக்கோ உற்சாகம் பிறந்துவிட்டது. இன்னொரு பக்கம் தள்ளினார்.

"நீலச் சட்ட போட்டா பாலன் நல்லாத்தான் இருக்கான். ஆனா நான் சொல்ல மாட்டேன்" என்று வாசித்தார். பாலன் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் நான் ஒளித்து வைத்திருந்த வரி.

பூமி பிளக்கவில்லை. ஈப்போ முழுக்கச் சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன, என்னை விழுங்க ஒன்றுகூட வரவில்லை. பாலனின் தோள் குலுங்குவது சட்டென்று நின்றது.

சிவபாதம் முதன்முறையாகக் கொஞ்சம் யோசித்தார். "நீலத் தாளில் வரும் பிரதிதான் நன்றாக இருக்கிறது. ஆனால் அதை வெளியாருக்குக் காட்டக் கூடாது."

"பாதுகாப்பு! அதையும் கவனித்திருக்கிறீர்கள்" என்று வியந்த புவான் கடைசியாக ஒன்றைக் காட்டினார். "இந்த ரிப்போர்ட்ட ஒருத்தரும் படிக்கிறதில்ல. ஆறு மாசமா தலைப்பு தப்பா வருது, யாரும் கேக்கல" என்று இருந்தது. அதை மட்டும் சிவபாதம் ஒரு சொல் மாற்றாமல் அப்படியே மொழிபெயர்த்தார். புவான் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ரிப்போர்ட் மாதாமாதம் அவர் மேசைக்குத்தான் போய்க்கொண்டிருந்ததாம். "உண்மையை எழுதி வைக்கும் பிரிவை நான் ஏன் மூட வேண்டும்?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்.

கதவு மூடிக்கொண்டது. நாங்கள் மூன்று பேர், நடுவில் அந்தப் புத்தகம். சிவபாதம் அதைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"பிள்ளையள், கொக்கு ஆரெண்டு நான் கேக்கேல்லை. அது எனக்கு விளங்கிப்போச்சுது. எழுதினது ஆர்?"

எழுதியது நான். மீன் கிடைக்காத கொக்கும் என்னுடையதுதான். ஆனால் அந்த நொடியில் என் கண் முன்னால் சுங்காய் பஸ்ஸும், மைக் பிடித்த அப்பாவும் வந்து நின்றார்கள். வாய் தானாகத் திறந்தது.

"பாலன்தான் ஐயா!"

சொன்னேன். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எவனுடைய நீலச் சட்டையைப் பற்றி ஊரறிய வாசிக்கப்பட்டதோ, அவனையே கைநீட்டிக் காட்டிக் கொடுத்தேன். என்னைப் போல ஒரு கேடுகெட்டவள் பேராக் மாநிலத்திலேயே இருந்திருக்க மாட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

பாலன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்:

"ஆமா ஐயா. நான்தான்."

சிவபாதம் புத்தகத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்றார். எல்லாக் கமெண்ட்டுகளையும் பாலன் தனியாக உட்கார்ந்து ஒழுங்கான இங்கிலீஷில் மாற்ற வேண்டும் என்று தண்டனை. எனக்கு வேலை நிரந்தரக் கடிதம் திங்கட்கிழமை வரும் என்றார்.

வெளியே கோப்பிக் கடையில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். "ஏன் லா ஆமான்னு சொன்ன?"

"நீ போயிட்டா நான் யாருக்கு எழுதுறது?" என்றான். பிறகு, "கோப்பி ஆறுது, குடி" என்றான்.

அந்தத் தண்டனையை இருவரும் சேர்ந்துதான் செய்தோம். மூன்று வாரத்தில் முடிய வேண்டிய வேலையை மூன்று மாதம் இழுத்தோம். அடுத்த வருடம் கல்யாணம்.

வாழ்த்துரைக்கு சிவபாதம் மேடையேறினார். "இந்தப் பிள்ளை செய்த புரோகிராம் வலு கெட்டித்தனமானது" என்று ஆரம்பித்தார். "மாத்தின வரியின்ர ஓரத்திலை மாத்தினவர் தன்ர முதலெழுத்தைப் போடவேணும் எண்டது ஆபீஸ் விதி. இவ அதையும் விடாமல் எடுத்து, ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்திலை எழுதினவற்ர பேரை முழுசா அடிச்சுத் தந்தவ. ஆர் எழுதினது எண்டு நான் கேக்கேக்கை, என்ர கையிலை விரிஞ்சிருந்த பக்கத்திலை வசந்தா, வசந்தா எண்டுதான் வரிசையா இருந்தது. இவ பாலன் எண்டு சொன்னவ. அவர் ஓம் எண்டு சொன்னவர். இதுகளுக்குக் கெதியிலை கலியாணம் நடக்கும் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

மண்டபமே அதிர்ந்தது. என் அப்பாதான் முதலில் விசிலடித்தார். நான் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எல்லாக் குற்றத்துக்கும் ஒரே குற்றவாளிதான். பால் பொங்கினால், கண்ணாடி உடைந்தால், பிள்ளைகள் பரீட்சையில் கோட்டை விட்டால், "பாலன்தான் ஐயா!" என்று கோரஸாகக் கேட்கும். போன மாதம் எங்கள் சிம்பாங் பூலாய் வீட்டில் காரைப் பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று கேட்டைச் சாய்த்துவிட்டேன். சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். ஸ்டியரிங்கில் நான், என் காலடியில் ஆக்சிலேட்டர்.

"யாரும்மா இடிச்சது?"

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. குளியலறைக்குள்ளிருந்து, தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது:

"ஆமா ஐயா, நான்தான்!"