அங்கே கேளுங்க

உலகத்தில் திருப்பிவிடுவார் என்றொரு இனம் உண்டு. எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். அங்கே கேளுங்க என்பார். கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் ஒரு கம்பெனிக்கு வலைத்தளம் கட்டிக்கொடுக்கும் உமாசங்கர் இந்த இனத்தின் கொழுந்து. சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறாளா மனைவி? "திவ்யா, உங்கம்மாட்ட சொல்லு." ஃபிளாட்டில் தண்ணீர் வரவில்லையா? "மேல பிந்துச் சேச்சிட்ட கேளுங்க, அவங்கதான் கரெக்ட்." இது சோம்பலா? சேச்சே, தொழில் பழக்கம்! பழைய முகவரிக்கு வருகிறவனை 'இங்கே இல்லை, அங்கே போ' என்று சர்வர் சொல்லும், பிரவுசரும் பேசாமல் போகும். அது சொல்லும் எண் 301 என்றால் நிரந்தரமாகக் குடிபோயாச்சு. 302 என்றால் தற்காலிகம்.

மாமனார் ஆறுமுகநயினாருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. கடையின் வலைத்தளம் புது முகவரிக்கு மாறியது. வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிந்ததோ பழையதுதான்.

"மாப்பிள்ளே, பழைய வாசலுக்கு வாறவன் புதுசுக்கு வந்துருவானா? ஓணம் போச்சுன்னா வருசமே போச்சு, கேட்டேளா?"

"சின்ன வேலை மாமா!"

உமாசங்கர் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பினார். புதிய தளத்தைத்தான் ஆபீஸ் ஹரிகுமார் தலையில் கட்டியிருந்தாரே, அவனும் அதே இனம். சேலைப் படங்கள் ஏறும்வரை இருக்கட்டும் என்று புதியதிலிருந்து பழையதற்குத் திருப்பிவைத்தான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஓணப்புடவை கேட்டு வந்தவர்கள் அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் பிரவுசரே கையை விரித்துவிட்டது.

திவ்யலட்சுமி பதறிப்போய்ப் போன் செய்தாள். "அப்பா தலையில கைவச்சு உக்காந்திருக்காங்க. என்ன செய்ய?"

"ஹரிட்ட கேளு."

ஹரிகுமாரோ, "அது உமாசங்கர் சார் நோக்கிக்கொள்ளும் சேச்சி" என்று அவர் தலையிலேயே திருப்பிவிட்டான்.

சாயங்காலம் வீட்டில் திவ்யாவைக் காணோம். உமாசங்கர் மனைவியை அழைத்தார். எடுத்தது மாமனார்.

"சொல்லுங்க மாப்பிள்ளே. திவ்யா இங்கதான் இருக்கா. உங்க போன் வந்தா எனக்கு வாற மாதிரி திருப்பி வச்சிருக்கா."

"தற்காலிகமாவா மாமா, நிரந்தரமாவா?"

"அது நம்ம கடை தொறக்கியதப் பொறுத்து."

ஹரிகுமாரைக் கூப்பிடப் போன விரல் பாதியில் நின்றது. உமாசங்கர் தானே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் யாரிடமும் திருப்பிவிடாமல் முழுசாகச் செய்த முதல் காரியம் அது.

படித்தீர்களா? 'அட, அப்படியே நம்ம மச்சினன்!' என்று இதை அவருக்கு அனுப்பப் போகிறீர்கள் அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். ஒருவேளை இது உங்களை நினைத்தே உங்களுக்கு வந்ததாக இருக்கலாம்.