தாடையை லூஸ்ல வுடு!

மந்தைவெளியில் தாடை பாய் பார்க்காத தாடை ஒன்றுகூடக் கிடையாது. ஆளின் பெயர், உத்தியோகம் எதுவும் அவருக்கு நினைவில் நிற்காது. “எந்த வங்கி மேனேஜர்? இடது பக்கமாவே மெல்லுவாரே, அவரா?” என்பார். பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். முகூர்த்த நாட்களில் கல்யாண ஊர்வலங்களில் கிளாரினெட் வாசிப்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐம்பத்து மூன்றாவது வயதில் எனக்குக் கிளாரினெட் கற்கும் ஆசை வந்தது. இணையத்தில் பார்த்துப் பார்த்து இரண்டு மாதம் ஊதியதில் தாடை பூட்டிக்கொண்டது. இட்லியைக்கூட எட்டாகப் பிய்த்துத்தான் உள்ளே தள்ள முடிந்தது. என் மனைவி மிகுந்த அக்கறையோடு சொன்னாள்: “ஏங்க, வலிச்சா வாசிக்காதீங்க. வலிக்கலேன்னாலும் வாசிக்காதீங்க.”

சரி, விற்றுவிடலாம் என்று பாய் கடைக்குப் போனேன்.

“ஊதிக் காட்டு சார்.”

ஊதினேன். அரை மூச்சுகூட ஆகவில்லை.

“நிறுத்து, நிறுத்து! கிளாரினெட்டு ஊதுறியா, கரும்பு கடிக்கிறியா?”

சுவரிலிருந்த தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார். அது இன்றைய தேதி என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வாயில் வைக்கும் முனைக்கும் அதன் அடியிலுள்ள ரீட் என்கிற நாணல் பட்டைக்கும் நடுவே தாளை மெதுவாக இறக்கினார். ஓரிடத்தில் அது நின்றது.

“பேப்பர் எங்க நிக்குதோ, அங்கதான் உன் கீழ் உதடு வரணும். நீ நுனில வெச்சிக்கினு கடிக்கிற. உள்ள வுட்டா முழுங்கிடுவோம்னு பயமா?”

மேல்பல் படும் இடத்தில் சைக்கிள் ட்யூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். “மெத்தை. பல்லு சும்மா உக்காரணும், கடிக்கக் கூடாது. கீழ்ப்பல்லு மேல உதட்ட மடிச்சு வெச்சிக்க. தாடைய லூஸ்ல வுடு.”

நான் மறுபடி குனிந்து வாயை வைத்தேன். தலையில் தட்டாத குறை.

“நீ ஏன் அதுங்கிட்ட குனியற? வேலை கேட்டா போயிருக்க? நேரா நில்லு. அத்த உன் வாய்க்குக் கொண்டா!”

கொண்டுவந்தேன். முதல் தடவையாக என் கிளாரினெட்டிலிருந்து மனிதர்கள் கேட்கக்கூடிய சத்தம் வந்தது. தாடை வலிக்கவில்லை. விற்பதற்கு அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அங்கேதான். ஒருமுறை தி.நகரில் மாப்பிள்ளை ஊர்வலத்தையே பாய் நடுரோட்டில் நிறுத்தினார். பக்கத்தில் சாக்ஸபோன் வாசித்தவர் பல்லைக் கடித்தாராம். “தோ, அஞ்சு நிமிஷம் நைனா” என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு அந்த ஆளின் கன்னத்தைப் பிசைந்துவிட்டுத்தான் ஊர்வலத்தை நகரவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கே அது நடந்தது. நந்தனம் சிக்னல் தாண்டி ஸ்கூட்டரில் போகும்போது, பக்கத்து பைக்கில் வந்தவன் பல்லை நறநறவென்று கடிப்பதைப் பார்த்திருக்கிறார். “தாடைய லூஸ்ல வுடு!” என்று சொல்லத் திரும்பியவர், முன்னால் நின்ற குப்பை வண்டியைக் கவனிக்கவில்லை. தாடை எலும்பில் விரிசல். மூன்று வாரம் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான்காம் நாள், உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை கட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே அவர் குழுவின் டிரம்மர் சேகர்.

“சார், நாளைக்கு சாயங்காலம் கே.கே. நகர்ல என் தங்கச்சி கல்யாண ஊர்வலம். நல்ல முகூர்த்தம், கிளாரினெட்டுக்கு ஒருத்தனும் காலியா இல்ல. பாய் உன்னத்தான் கை காட்டிக்கினு கீறாரு.”

“எனக்கு மூணு பாட்டுதான்யா தெரியும்!”

பாய் மூன்று விரலைக் காட்டினார். பிறகு ஆள்காட்டி விரலால் காற்றில் வட்டம் போட்டார். திரும்பத் திரும்ப வாசி என்று அர்த்தம்.

மறுநாள் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றேன். பதற்றத்தில் முதல் பாட்டிலேயே கடிக்க ஆரம்பித்துவிட்டேன். ‘கீச்’ என்று கிளாரினெட் அலற, ஊர்வலத்தில் இரண்டு பேர் காதைப் பொத்தினார்கள். பாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் முன்னால் வந்தார். என் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். நான் குனிந்தால் மோவாயை நிமிர்த்திக் காட்டுவார். கடித்தால் தன் கட்டின்மேல் தட்டிக் காட்டுவார். கல்யாண மண்டபம் வரை இப்படியே, ஒரு கிலோமீட்டர். இரண்டு வேகத்தடைகளில் தடுக்கியும் திரும்பவில்லை.

மூன்று பாட்டும் ஐந்து சுற்று வந்தன. மண்டப வாசலில் சேகரின் தங்கை என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கிளாரினெட்டை இறக்கினேன்.

பாய் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, நிதானமாக ஏதோ தட்டி, என் கண்முன் நீட்டினார்.

“தாடை வலிக்குதா சார்?”

கட்டுக்கு மேலே வீங்கியிருந்த அவர் கன்னத்தைப் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டினேன்.