ஓமனா என்றொரு மொழி

பெமிலா எழுதிய செயலி பகலில் ஒழுங்காக இருந்தது. விடிவதற்கு முன்புதான் அதற்குப் புத்தி பிசகியது.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் இருட்டோடு மீன் ஏலம் தொடங்கிவிடும். சாளை என்ன விலை, சூரை என்ன விலை என்று ஏலக்காரர் கைப்பேசியில் பதிவார். மார்த்தாண்டத்தில் வேனோடு காத்திருக்கும் வியாபாரிகள் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆனால் இருட்டில் பதிந்த விலையெல்லாம் நேற்றைய பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைய பக்கம் காலி. படகு வரவில்லை போலிருக்கிறது என்று வியாபாரிகள் வீட்டுக்குத் திரும்பினார்கள். துறைமுகத்தில் மீன் கிடந்து நாறியது.

பெமிலா அலுவலகத்துக்கு வந்து அதே விலையைப் பதிந்து பார்ப்பாள். சமர்த்தாக இன்றைய பக்கத்தில் விழும். நிரலை வரி வரியாகப் படித்தாள். தப்பே இல்லை. மீனவர் சங்கமோ, இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் செயலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்தச் செயலி போனால் பெமிலாவின் வேலையும் போகும்.

"பைத்தான்ல எழுதினா இப்பிடித்தான்" என்றான் பக்கத்து நாற்காலி பிரபின். அவன் ஜாவாக்காரன். "ஜாவான்னா ஒவ்வொண்ணையும் அளந்து வச்சு எழுதணும். தப்பு உள்ள வராது."

"ஒனக்க ஜாவால ஒரு வணக்கம் சொல்லுததுக்கே அரைப் பக்கம் வேணுமே, மக்கா!"

இந்தச் சண்டை அந்த அலுவலகத்தில் மட்டும் நடப்பதல்ல. கணினிக்கு வேலை சொல்லும் மொழிகள் பல உண்டு. தோசைக்கு இரும்புக் கல்லா, பூச்சுக் கல்லா என்கிற அளவுக்கு அவற்றுக்குள் வித்தியாசமும் உண்டு. மாவு புளித்துப்போயிருந்தால் எந்தக் கல்லும் காப்பாற்றாது. ஆனால் படித்த பிள்ளைகள் மாவைப் பார்ப்பதில்லை. கல்லுக்காகக் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

இந்தச் சண்டையைப் பார்த்துத்தான் மகேஷ்குமாருக்கு ஞானம் பிறந்தது. முன்பு வீட்டுமனைக்கு வாஸ்து பார்த்தவர். இப்போது மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய மாடியில் 'லேப்டாப் பிரஸ்னம்' பார்க்கிறார். எந்த நட்சத்திரத்துக்கு எந்தக் கணினி மொழி என்று சோழி போட்டுச் சொல்வார். சனிக்கிழமையானால் திருவனந்தபுரத்திலிருந்து பேருந்து பேருந்தாகப் பொறியாளர்கள் வந்து இறங்கினார்கள். படிக்கட்டெல்லாம் கூட்டம். செயற்கை நுண்ணறிவு படித்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஜாதகம் இருக்காதே என்று கவலை வேண்டாம். ஞானஸ்நானத் தேதி போதும். எல்லாரையும் சமமாகப் பாவிக்கும் பரந்த மனசு!

முதலாளி ஜெபசீலன் சபைக் கமிட்டியில் இருப்பவர். அவரும் போனார்.

"சார், நீங்க ஜோசியம் பாக்கப் போனியளா?" என்று பெமிலா கேட்டாள்.

"ஜோசியமா? சீ! இது கன்சல்டிங், மோளே."

துணைக்குப் பிரபினைக் கூட்டிப் போயிருந்தார். திரும்பி வந்ததும் பிரபின் குதித்தான். "நான் வாயே திறக்கல்ல கேட்டியா! அவரா ஜாவான்னு பறஞ்சாரு! பைத்தானுக்குப் பாம்பு தோஷமாம்."

அன்றே உத்தரவு வந்தது. பைத்தான் வேண்டாம். விலை பதியும் பகுதியைப் பிரபின் ஜாவாவில் திருப்பி எழுத வேண்டும். எழுதினான். மகேஷ்குமார் தந்த செப்புத் தகட்டை லேப்டாப்புக்கு அடியில் ஒட்டிவிட்டே எழுதினான். மறுநாள் விடியுமுன் துறைமுகத்தில் விலை பதிந்தார்கள். அச்சுப் பிசகாமல் நேற்றைய பக்கத்தில் போய் விழுந்தது.

ஜெபசீலன் பதறிக்கொண்டு போன் போட்டார். சோழி உடனே பதில் சொன்னது: மொழி மாறிவிட்டது, எழுதியவளின் தோஷம் போகவில்லை. அவளையும் அவள் லேப்டாப்பையும் கொண்டுவந்தால் பரிகாரம் உண்டு. இல்லையென்றால் அவளை விலக்கிவிடுவது நல்லது.

பெமிலா அழவில்லை. பிரபினிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சோழிய எங்க போடுவாரு?"

"லேப்டாப்ப மூடி முன்னால வைக்கச் சொல்லுவாரு. அந்த மூடி மேலதான்."

பெமிலா அவன் லேப்டாப்பின் மூடியைப் பார்த்தாள். ஆவி பறக்கும் ஜாவாக் கோப்பை, சாஸர் அகலத்தில் ஒட்டியிருந்தது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு பழக்கம். எந்த மொழிக்காகச் சண்டை போடுகிறார்களோ அதன் சின்னத்தை மூடியில் ஒட்டிக்கொள்வார்கள். பிறகு அந்த மூடியையே ஒரு மனிதர் முன்னால் வைத்துவிட்டு, "நான் வாயே திறக்கவில்லை, எப்படிச் சொன்னார்!" என்று புல்லரிப்பார்கள்.

சனிக்கிழமை பெமிலா போனாள். பின்னால் ஜெபசீலனும் பிரபினும். அவள் மூடியிலிருந்த பைத்தான் பாம்புகளைக் காணோம். அந்த இடத்தில் வட்டமாகப் பச்சை நிறத்தில் ஒரு சின்னம். நடுவில் ஆங்கில எழுத்தில் 'ஓமனா'.

மகேஷ்குமார் கண்ணை மூடினார். ஒரு கண் முழுதாக மூடவில்லை. சோழிகளை உருட்டினார்.

"பிள்ளைக்கு வியாழன் உச்சத்தில நிக்குது. பைத்தானும் ஆகாது, ஜாவாவும் ஆகாது. ஓ... ஓ... ஓமனா! புது மொழி. அடுத்த வருஷம் அமெரிக்கா முழுக்க ஓமனாதான்."

வரிசையில் ஒரு சலசலப்பு.

"ஓமனா ஜாவாவ விட ஸ்பீடாக்கும்" என்றான் ஒரு கண்ணாடிக்காரன்.

"என்னத்த ஸ்பீடு? மெமரிய தின்னுமே! நான் ஆறு மாசமா ஓமனாலதான் வேலை செய்யுதேன்" என்றான் இன்னொருவன்.

"ஓமனாவப் பத்தி ஒனக்கென்னலே தெரியும்?" மூன்றாமவன் சட்டைக் கையை மடித்தான்.

பெமிலா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து சோழிகளுக்கு நடுவே வைத்தாள். உள்ளே எண்ணெய் மிதக்கும் மீன் ஊறுகாய். வெளியே அதே பச்சை வட்டம்.

"தேங்காய்ப்பட்டணத்து ஓமனா அக்கா போடுத சூரை ஊறுகாய். லேபிளுக்க அடிப்பாகத்த வெட்டிட்டு ஒட்டினேன். அண்ணே, ஆறு மாசமா நீங்க இதுலயா வேலை செய்யுதிய?"

அந்த ஆறு மாசக்காரன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தான். மகேஷ்குமார், சூட்சும சரீரத்தில் ஊறுகாய்க்கும் ஒரு மொழி உண்டு என்று தொடங்கினார். அதற்குள் ஒரு பெண் தன் செப்புத் தகட்டைப் பிய்த்து அவர் மடியில் போட்டாள். அடுத்தடுத்துத் தகடுகள் விழுந்தன. சோழி உருளும் சத்தத்தைவிட அந்தச் சத்தம் நன்றாகவே இருந்தது.

"ஜோசியம் கூடாதுன்னு நான் அண்ணைக்கே சொன்னேன்" என்றார் ஜெபசீலன்.

பிரபினுக்கு மட்டும் குழப்பம் தீரவில்லை. "அப்போ தப்பு எங்கட்டி இருக்கு?"

"நீ ஜாவால எழுதினாலும் அதே தப்பு, நான் பைத்தான்ல எழுதினாலும் அதே தப்பு. அப்பிடின்னா தப்பு மொழியில இல்ல. ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கு?"

"நம்ம முதலாளி" என்று முணுமுணுத்தான்.

"வேற?"

"ரெண்டும் ஓடுத வாடகைக் கம்ப்யூட்டர்..."

பெமிலா பாட்டிலையும் சோழிகளையும் ஒதுக்கிவிட்டு லேப்டாப்பின் மூடியைத் திறந்தாள். எங்கோ தூரத்தில் ஓடும் அந்த வாடகைக் கணினியிடம், இப்போது மணி என்ன என்று கேட்டாள். மகேஷ்குமாரின் சுவர்க் கடிகாரத்தில் பகல் பதினொன்று. கணினி சொன்னது, காலை ஐந்தரை.

நட்சத்திரம் கேட்டார்கள், ராசி கேட்டார்கள், பாம்பு தோஷம்கூடக் கேட்டார்கள். மணி கேட்க மட்டும் அத்தனை படித்த கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சோழிக்குக் கொடுத்த பொழுதில் ஒரு கேள்வியை யோசித்திருந்தால் போதும்.

வாடகைக் கணினி கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதனால் இங்கே காலை ஐந்தரை ஆகும்வரை அங்கே தேதி மாறுவதில்லை. இருட்டில் பதிந்த விலைக்கு நேற்றைய தேதி விழுந்தது. அலுவலகம் திறக்கும் நேரத்தில் இரண்டு இடத்திலும் ஒரே தேதி. அதனால் தப்பு கண்ணில் படவில்லை. தேதி கேட்கும் இடத்தில் 'இந்திய நேரப்படி சொல்' என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். பைத்தானிலும் ஒரு வரிதான். ஜாவாவிலும் ஒரு வரிதான்.